மாதா ஏறிய லேடீஸ் டப்பா

மடியில் மாதா. ஒரு முழ உயரச் சுரூபம்தான், ஆனாலும் குர்லாவில் ஏறியதிலிருந்து என் தொடை மரத்துப்போய்விட்டது. சுற்றியிருப்பது சித்தியின் பழைய நீலப் பட்டு. ஜன்னலில் வெயிலடிக்கும்போது அதன் சரிகை இன்னும் மினுங்குகிறது. இதே மாதா இதே பட்டில் இதே ஹார்பர் லைன் ரயிலில் முன்பும் ஒருமுறை போயிருக்கிறாள். அன்று அவள் சித்தியின் மடியில் இருந்தாள். நான் எதிர் சீட்டில் இரட்டைப் பின்னலோடு உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் பிறந்துவிட்டால் தாராவியில் எங்கள் சந்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்து மாதாவுக்கு ஓய்வே கிடையாது. ஜெபமாலை மாதம் முழுக்க நாளுக்கொரு வீடு. சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் மெழுகுதிரியோடு வந்து, இந்த வீட்டிலிருந்து தூக்கி அடுத்த வீட்டில் இறக்குவார்கள். மாதா வருகிற வீட்டில் காலையிலிருந்தே கால் தரையில் பாவாது. தோல்பை தைக்கிற பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்த சித்திதான் இந்த ஊர்வலத்துக்கு முழுப் பொறுப்பு. மாதா தெருவில் இருக்கும்வரை ஜெபம் நிற்கக் கூடாது என்பது அவள் சட்டம். ஜெபமாலையில் பத்து மணி உருட்டி முடித்துத் திரித்துவப் புகழ் சொல்லும்வரை யாரும் வேறு பேச்சுப் பேசக் கூடாது. பேசினால் அந்தப் பத்தும் செல்லாது, முதலிலிருந்து சொல்ல வேண்டும். பங்குச் சாமியாரே அவளிடம் இந்த விஷயத்தில் வாய் கொடுப்பதில்லை.

நாங்கள் செம்பூருக்குக் குடிபோன வருஷம் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அம்மா அசையவில்லை. "மாதா வந்துட்டுப் போவட்டும், பொறவு எங்க வேணாலும் வாரேன்" என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். அப்பா கெஞ்சினார், கத்தினார், டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னார். பிடித்த பிடிதான். கடைசியில் சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு தாராவிக்கு ஓடினார்.

அன்பியத்துப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் அடுத்த வீட்டுக்காரர்கள் காத்திருப்பார்கள், மாதா தாராவியைத் தாண்டிப் போகிற வழக்கம் இல்லை என்றார்கள். சித்தி இடுப்பில் கை வைத்தாள். "எலிசபெத்தம்மா வீட்டுக்கு மலையேறிப் போனவளுக்குச் செம்பூரு தூரமாக்கும்? வெளக்கு வைக்குமுன்ன கொண்டாந்திருதேன்." சொன்ன கையோடு மாதாவைப் பட்டில் சுற்றித் தூக்கிவிட்டாள். அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள முன்னால் போய்விட்டார். சித்தியும் நானும் மாதாவும் சயானில் ரயில் ஏறி, குர்லாவில் இறங்கி, பாலத்தில் நெரிபட்டு ஹார்பர் வண்டியைப் பிடித்தோம். எனக்குப் பறப்பது போல இருந்தது.

நவராத்திரி, நாளுக்கொரு நிறம். லேடீஸ் டப்பா என்கிற பெண்கள் பெட்டி முழுக்க ஒரே மஞ்சள் சேலை. ஒரு மராத்தியம்மாள் குனிந்து, "கோன்ஸி தேவி ஹை?" என்று எந்தச் சாமி எனக் கேட்டாள். சித்தி வேறு பேச்சுப் பேச முடியாது, முதல் மறைபொருளின் பத்து மணிக்கு நடுவில் இருந்தாள். நான் சைகையில் கும்பிட்டுக் காட்டினேன். அந்தம்மாள் தன் கொண்டையிலிருந்து ஒரு சாமந்தியை எடுத்து மாதாவின் காலடியில் வைத்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்து வந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நெரிசலில் யாருக்கும் இடம் விடாத அந்த டப்பாவில் சித்தியைச் சுற்றி ஓர் ஆள் உட்காரும் இடம் தானாக உண்டாயிற்று.

திலக்நகரில் சித்தி இரண்டாம் மறைபொருளைத் தொடங்கினாள். கன்னிமரியா எலிசபெத்தம்மாளைச் சந்திக்கப் போனது. அவள் "அருள் நிறைந்த மரியே" என்றாள், நான் "தூய மரியே" என்றேன். ஆறாவது மணியில் செம்பூர் வந்தது. எனக்கு நன்றாகவே தெரிந்தது. கண்ணை உருட்டினேன், காலால் அவள் காலைத் தட்டினேன். சித்தி கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தாள். கத்தினால் பத்தும் போச்சு. செம்பூரும் போச்சு. கோவண்டி நெருங்கும்போதுதான் திரித்துவப் புகழ் சொல்லிக் கண்ணைத் திறந்தாள்.

"ஏட்டி, செம்பூரு எங்க?"

"போயிருச்சு சித்தி."

"சொல்லப்பிடாதா?"

"நீங்கதான பேசக்கூடாதுன்னீங்க."

ஒரு நொடி என்னை முறைத்தாள். பிறகு மடியிலிருந்த மாதாவும் குலுங்கும்படி சிரித்தாள். மராத்திப் பெண்களும் காரணம் தெரியாமலே சேர்ந்து சிரித்தார்கள். கோவண்டியில் எங்களைக் கை பிடித்து இறக்கிவிட்டவர்களும் அவர்கள்தான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள். அப்பா ஸ்டேஷனுக்கும் வீட்டுக்குமாக நடந்து களைத்திருந்தார். மாதாவின் காலடியில் இருந்த சாமந்தியை எடுத்து அம்மா தன் தலையில் வைத்துக்கொண்டாள். செம்பூரைத் தவறவிட்ட கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிப் பையைத் தானே எடுத்து வைத்தாள். சித்தி தாராவி திரும்ப நேரமாகிவிட்டது. சந்து முனையில் கோபத்தோடு நின்றவர்கள், அவள் "அருள் நிறைந்த மரியே" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே வந்ததால் திட்ட வழியில்லாமல் "தூய மரியே" சொல்ல வேண்டியதாயிற்றாம்.

இப்போது அந்தச் சந்தில் பாதி வீடுகளை இடித்தாயிற்று. இருந்தவர்கள் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். சித்திக்கு மான்கூர்டில் ஏழாவது மாடி, முழங்கால் வலி, கீழே இறங்குவதில்லை. அவள் வீட்டுக்கு மாதா போவது இதுதான் முதல் தடவை. காலையிலிருந்து நாலு தடவை போன் செய்து "பொறப்பட்டாச்சா?" என்று கேட்டுவிட்டாள்.

வண்டி திலக்நகரைத் தாண்டுகிறது. நான் "அருள் நிறைந்த மரியே" என்கிறேன். பக்கத்தில் அம்மா, நரைத்த தலையில் சாமந்தியோடு, "தூய மரியே" என்கிறாள். பையில் போன் அடிக்கிறது. சித்திதான். அம்மா என்னைப் பார்க்கிறாள், நான் அம்மாவைப் பார்க்கிறேன், இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த மணிக்குப் போகிறோம். போன் அடித்து ஓய்கிறது. நாங்கள் எடுக்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று சித்திக்குத் தெரியும். இந்நேரம் எழுந்து மெழுகுதிரி ஏற்றியிருப்பாள்.