ஏலக்காய் அறையில் ஒரு மோடம்

போடியில் என் மாமனார் வீட்டில் விலை உள்ள சாமான்களுக்கென்று ஓர் அறை உண்டு. குரங்கணிக்கு மேலே இருக்கும் தோட்டத்திலிருந்து ஜீப்பில் இறங்கும் ஏலக்காய், மூட்டை மூட்டையாக அங்கேதான் நல்ல விலைக்குக் காத்திருக்கும். இன்டர்நெட் மாட்ட ஆள் வந்த நாளில் நான் வீட்டில் இல்லை. மோடம் என்ன விலை என்று விசாரித்த மாமனார், அதையும் அந்த அறையிலேயே மாட்டச் சொல்லிவிட்டார். பூட்டு இருப்பது அந்த ஒரு கதவுக்குத்தான்.

நான் பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். கல்சுவரையும் மூட்டைகளையும் தாண்டி வைஃபை என் அறைக்கு வரவில்லை. சுவரில் ஓட்டை போடலாம் என்றேன். ஓட்டை வழியாக எலி வரும் என்று மாமனார் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அதனால் வயரைக் கதவுக்கு அடியில் விட்டு, கூடம் வழியாக என் கம்ப்யூட்டருக்கு இழுத்தேன்.

அன்றிலிருந்து சனியன் பிடித்தது. மீட்டிங்கில் நான் வாயைத் திறந்ததும் லைன் போய்விடும். எழுந்து போய்ப் பார்த்தால் மோடத்தில் பச்சை விளக்கு சமர்த்தாக எரியும். திரும்பி வந்து உட்கார்ந்தால் ஒன்றும் இருக்காது. வயரை மாற்றினேன். கம்ப்யூட்டரில் வயர் சொருகும் இடத்தை ஊதி ஊதி என் கன்னம்தான் வலித்தது. கஸ்டமர் கேரில் பேசிய பெண், அணைத்துவிட்டுப் போடுங்கள் என்றாள். எத்தனை முறை கூப்பிட்டாலும் அதையே புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் சொன்னாள்.

மேலாளர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார். அடுத்த மீட்டிங்கிலும் லைன் போனால் நான் பெங்களூருக்கு வந்து ஆபீசில் உட்கார வேண்டும். நான் போனால் மனைவியும் கிளம்ப வேண்டியதுதான். அவளுக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை, எனக்கு இங்கே மாமியார் சமையல். இரண்டு பேருக்கும் போக மனமில்லை.

மீட்டிங்குக்கு முந்தின நாள் மாமியாரைக் காவலுக்கு வைத்தேன். மோடத்துக்கு எதிரில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, விளக்கு அணைந்தால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவர் உள்ளே போனதுமே என் லைன் போனது. மாமியார் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"அணஞ்சிருச்சுன்னு சொல்ல வந்தேன் மாப்ளே. இப்ப எரியுதே."

யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு மிளகாயும் உப்பும் எடுக்க அடுப்படிக்குப் போனார். மோடத்துக்குச் சுற்றிப் போடும் நிலைக்கு வந்துவிட்டோமே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

இதையெல்லாம் கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மனைவி எழுந்து போய் அந்தக் கதவைச் சாத்தினாள். லைன் போனது. திறந்தாள், வந்தது. மறுபடி சாத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். காற்றுப் பட்டால் ஏலக்காயின் பச்சை மங்கிவிடும், வாசமும் போய்விடும் என்று மாமனார் அந்தக் கதவின் அடியில் தடிமனான ரப்பர் அடித்து வைத்திருந்தார். அந்த அறைக்குள் போனாலும் வந்தாலும் கதவை இறுக்கிச் சாத்த வேண்டும் என்பது இந்த வீட்டில் எல்லோருக்கும் ஊறிப்போன பழக்கம், வீட்டோடு மாப்பிள்ளையான எனக்கும்தான். ரப்பர் தள்ளிக் கதவு சற்றுத் தளர்ந்தபோதெல்லாம் லைன் வந்திருக்கிறது; மறுபடி இறுக்கிச் சாத்தி, மாற்றி மாற்றிப் போட்ட வயரை நாங்களே முறை வைத்து நசுக்கியிருக்கிறோம்.

கதவைத் திறந்து வையுங்கள் என்று மகள் கேட்டாள். முடியாது என்றார் அப்பா. அன்று சாயங்காலம் முழுக்க இருவருக்கும் சண்டை. அவர் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிட்டார். நான் மனதுக்குள் பெட்டி கட்டத் தொடங்கினேன்.

காலையில் மீட்டிங் தொடங்கி, நான் பேச வேண்டிய முறை வந்தபோது கூடத்தில் கரகரவென்று சத்தம். எட்டிப் பார்த்தேன். தேக்குக் கதவைக் கழற்றிப் படுக்கப் போட்டு, வயர் போக வழி விட்டு அதன் அடிமூலையை ஆசாரி அறுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாமனார் நின்றார். காற்றுப் புகுந்தால் காய் வீணாகிவிடுமே, மாப்பிள்ளைக்காகவா இதெல்லாம் என்று ஆசாரி கேட்டார்.

"மாப்ளைக்கென்ன, அவரு எங்க போனாலும் பொழச்சுக்கிருவாரு. காயும் அடுத்த பறிப்புல திரும்ப வந்துரும். எம் மக போயிட்டா நான் யாருகூடய்யா சண்ட போடுறது?"

எனக்குச் சுருக்கென்றது. என்னை ஒரு பொருட்டாகவே அவர் நினைக்கவில்லை. ஆனாலும் அந்த மனுஷனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அப்போதுதான் என் மைக் திறந்தே இருப்பதைப் பார்த்தேன். மொத்த மீட்டிங்கும் கேட்டுக்கொண்டிருந்தது. மேலாளர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஆபீசில் ஆங்கிலம் தவிர வேறு பேசமாட்டார். அன்று தமிழில் பேசினார்.

"உங்க மாமனார் பேசுறது ஒரு எழுத்து விடாம கேக்குது. லைன் நல்லாத்தான் இருக்கு. அங்கேயே இருங்க."