திருட்டு மூச்சு

காய்கறி மண்டியில் ஏலம் கூவுகிற அவருக்கு, மூச்சு விடாமல் கூவுவார் என்று பெரிய பெயர். கொஞ்ச நாளாக மதியமானால் இமை தொங்கியது, நாக்கு குழறியது. "காலையிலேயே ஊத்திட்டு வந்துட்டான்" என்று வியாபாரிகள் சிரித்தார்கள். குடியையே தொடாத மனுஷன், மறுக்கவில்லை. குடிகாரனை வேலையில் வைத்துக்கொள்வார்கள், நோயாளியை அனுப்பிவிடுவார்களே!

படுத்தால் மூச்சு முட்ட ஆரம்பித்ததும் மனைவி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

"நரம்பும் தசையும் சேர்ற இடத்தை உங்க உடம்பே தாக்குது. மூச்சுத் தசையும் களைச்சுப்போகும்," என்றார் டாக்டரம்மா. "ஒரே மூச்சுல எண்ணுங்க."

ஐம்பது வரை எண்ணிவிட்டார்.

"நம்பாதீங்க டாக்டர். நடுவுல திருட்டு மூச்சு எடுக்கிறாரு. ஏலத்துலயும் இதே வேலைதான்," என்றாள் மனைவி.

அவர் கூனிக் குறுகிப்போனார். டாக்டரம்மா அவர் வயிற்றில் கைவைத்து மறுபடி எண்ணச் சொன்னார். பன்னிரண்டில் நின்றது. உடனே ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள்.

பிழைத்து வந்தார். இப்போது வேளை தவறாமல் மாத்திரை. தினமும் காலையில், மனைவியின் கை வயிற்றில் இருக்க, எண்ணிக்கை. குறைந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இன்று முப்பதைத் தொட்டுவிட்டுப் பெருமையாகப் பார்த்தார். அவள் கையை எடுக்காமல் கேட்டாள்: "குடிகாரன் பொண்டாட்டின்னு என்னைப் பேசினப்போ, ஏன் வாயே திறக்கலை?"

அவர் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.