மஞ்சள் தண்ணீரில் அலசிய ஆவாரம்பூ

இரண்டு வருடங்களுக்கு முன்பு, திருவள்ளூர் பக்கம் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் முதுகலை கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான். இதைச் சொல்ல எனக்கு எப்போதும் பெருமைதான். அம்மாவுக்குக் கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை.

என் ஆய்வு ஆவாரம்பூச் சாறு பற்றியது. அது ஆன்டிஆக்ஸிடன்ட்டாக வேலை செய்கிறதா, சர்க்கரையைக் குறைக்க உதவுமா என்று பார்க்க வேண்டும். முதல் சோதனை எளிது. ஊதா நிறக் கரைசலில் சாற்றை விட்டால், அதன் சக்திக்கு ஏற்ப ஊதா வெளுக்கும்.

நான் ஒரு சொட்டுதான் விட்டேன், ஊதா காணாமல் போனது. குதித்தேன். ஆனால் அதே இடத்தில் பறித்து வேறு டப்பாவில் வைத்திருந்த கொஞ்சம் பூவைச் சோதித்தபோது ஊதா மெதுவாகத்தான் வெளுத்தது.

"ஒரே செடி, ரெண்டு பதில். எது நிஜம்னு தெரியாம ஒரு வரிகூட எழுதக்கூடாது," என்றார் என் வழிகாட்டியான மேடம்.

இரண்டாவது டப்பா நானே அலசிக் காயவைத்தது. முதல் டப்பா அம்மா அலசியது. வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"மஞ்சத்தண்ணிலதான் அலசினேன். நல்ல காரியம் பாப்பா, வெறுந்தண்ணிலயா அலசுவாங்க?"

பூவும் மஞ்சள் என்பதால் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. மஞ்சளுக்கே ஊதாவை வெளுக்கும் சக்தி உண்டு. முதல் டப்பாவில் அதை வெளுக்க வைத்தது பெரும்பாலும் அம்மாவின் மஞ்சள்தான். விளக்கியதும் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "படிக்காதவ கை பட்டா இப்டிதான்," என்றாள். அன்று சாப்பிடவில்லை.

எனக்கும் பயம்தான். என்னிடம் மிஞ்சியிருந்த பூ போதாது. ஆய்வை நேரத்துக்குள் முடிக்காவிட்டால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். கம்பெனிகளை ஒட்டிய செடிகளில் புகையும் தூசியும் படிந்திருக்கும், அவற்றைத் தொடக்கூடாது என்று மேடம் முன்பே சொல்லியிருந்தார். தள்ளியிருக்கும் தரிசில் போய்த் தனியாக எவ்வளவு பறிப்பேன்?

அம்மா கம்பெனி பஸ்ஸில் புலம்பியிருக்கிறாள். மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்த பஸ், எங்கள் ஊருக்கு வெளியே நான் பூப் பறித்துக்கொண்டிருந்த அந்தத் தரிசுப் பக்கம் நின்றது. டிரைவர் அண்ணன் கதவைத் திறந்தார். யூனிஃபார்ம் கோட்டோடு பெண்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

"இன்னாக்கா, பூவுக்கு நலங்கு வெச்சியாமே! மாப்ள யாரு?"

அம்மா சிரித்துவிட்டாள். பாதிப் பேர் முகத்தில் மஞ்சள் இருந்ததைப் பார்த்து கையிலும் இருந்தால் பூவில் ஒட்டிவிடும் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். உடனே ஒரு அக்கா அதட்டினார்.

"ஏய், மஞ்சா பூசினு வந்தவளுங்கல்லாம் மொதல்ல கைய கழுவுங்கடி!"

பஸ்ஸில் இருந்த குடிதண்ணீர் கேன் காலியானது. சாப்பாட்டு டப்பாவில் பூவைப் போடப் போனவரின் கையிலிருந்து இன்னொருவர் அதைப் பிடுங்கினார். "சாம்பார்லயும் மஞ்சா கீதுடி!" கடைசியில் நான் கொண்டுபோன துணிப்பைகள் எல்லாம் நிறைந்தன. விடியற்காலையிலிருந்து நின்றே வேலை செய்தவர்கள். வீட்டில் பிள்ளைகள் காத்திருப்பார்கள். ஒருவரும் அலுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பூவில் சோதனை சுமாராகத்தான் வந்தது. ஊதா நிதானமாக வெளுத்தது. மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதையும் சாறு ஓரளவே தடுத்தது. ஆனால் எத்தனை முறை செய்தாலும் அதே பதில். "இப்ப எழுதலாம்," என்று மேடம் சிரித்தார்.

நன்றி சொல்ல பஸ்ஸுக்குப் போனேன். சர்க்கரை நோய் உள்ள ஒரு அக்கா கேட்டார்: "அப்போ நான் மாத்திரைய நிறுத்திடலாமா?"

"வேணாங்கா! இது கண்ணாடிக் குழாய்ல பாத்ததுதான். மாத்திரைய நிறுத்தாதீங்க."

"அடிப்பாவி, இதுக்கா அவ்ளோ பூ பறிச்சோம்!"

பஸ்ஸே சிரித்தது.

இன்று அதே தொழிற்பேட்டையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். வீட்டில் முதலில் படித்தவள் என்ற பெருமை எனக்குத் துளியும் குறையவில்லை. ஆனால் எந்த முடிவின் கீழ் கையெழுத்துப் போட்டாலும், தாங்கள் படிக்காத ஒரு படிப்புக்காக வெயிலில் கால் கடுக்க நின்ற அந்த அக்காக்களுக்கு மனசுக்குள் ஒரு நன்றி சொல்லிவிட்டுத்தான் பேனாவை மூடுகிறேன்.