டூலன் கொட்டிய உம்

ஓக் ட்ரீ ரோட்டில் புடவைக் கடைகள் எண்ணி நாலைந்தே இருந்த காலம். அமெரிக்காவில், ஐசலினில் மகன் வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல், ஐம்பத்தெட்டு வயதில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சியை முடித்தாள் ஸ்ரீரங்கத்து ராஜலக்ஷ்மி. முதலில் கிடைத்தவர் டூலன், எண்பத்து மூன்று வயது ஐரிஷ்காரர். பக்கவாதத்துக்குப் பிறகு சாப்பாட்டை வாயில் அடக்கிக்கொண்டு விழுங்க மறுத்தார். வெள்ளிக்கிழமை நர்ஸ் எடை பார்ப்பாள். இன்னும் குறைந்தால் நர்சிங் ஹோம்தான் என்று மகள் மேரி சொல்லிவிட்டாள்.

கதை சொல்ல மட்டும் வாய் தாராளமாகத் திறந்தது. அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் அயர்லாந்தில் வழிப்பறிக்காரன். சிப்பாய்கள் துரத்தியபோது தேடுகிற கூட்டத்தோடு தானும் சேர்ந்து, மூன்று நாள் தன்னையே தேடினானாம். ராஜலக்ஷ்மி வழக்கம்போல் “உம், உம்” என்றாள். டூலனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“நம்பலைன்னா நேரா சொல்லு! ஏன் முனகுறே?”

“ஐயோ, மிஸ்டர் டூலன்! எங்க ஊர்ல உம் கொட்டலைன்னா கதை சொல்றவா நிறுத்திடுவா.”

“உங்க ஊர்ல இப்படி ஒரு திருடன் உண்டா?”

“உங்காள் மனுஷாளைத்தானே கொள்ளையடிச்சான்? எங்காள் பெருமாளையே வழிமறிச்சான்!”

டூலன் தலையணையிலிருந்து நிமிர்ந்தார். அவள், பெருமாளையே கொள்ளையடித்த வேடுபறிக் கதையைத் தொடங்கினாள். கல்யாணக் கோலத்தில் பெருமாளும் தாயாரும் வர, குதிரையில் வந்து மறித்தார் திருமங்கை மன்னன். அந்த இடத்தில் மசித்த உருளைக்கிழங்கை ஒரு கரண்டி ஊட்டிவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

“அப்புறம்?”

“வாயில வச்சுண்டு பேசப்படாது. முழுங்கிட்டு உம் கொட்டுங்கோ.”

உதட்டை மூடாமல் உம் வராது. உதட்டை மூடி மோவாயைச் சற்றுத் தாழ்த்தினால் விழுங்குவது சுலபம், பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததுதான். தொண்டை அசைந்தது.

“உம்,” என்றார் டூலன்.

“பெருமாள் நகையெல்லாம் பறிச்சான். கால் நகை ஒண்ணு மட்டும் கழலலை. பல்லால கடிச்சு எடுத்தான்.”

“பல்லாலயா? பலே திருடன்!” கட்டிலைத் தட்டினார். இன்னொரு கரண்டி. “உம்.”

“மூட்டை கட்டித் தூக்கினான். அசையலை.”

கிண்ணம் காலி. நாலு நாள் கதையை இழுத்தாள். நடுவில் இல்லாத கொள்ளைகளையும் சேர்த்தாள். ஸ்ரீரங்கத்தில் யாராவது கேட்டிருந்தால் அடிக்க வந்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை எடை ஒன்றரை பவுண்டு கூடியிருந்தது. நர்ஸ் இரண்டு தடவை பார்த்தாள். மேரி, நர்சிங் ஹோம் விண்ணப்பத்தை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தாள்.

இன்னும் இரண்டு வருடம் தன் வீட்டில், தன் கட்டிலிலேயே இருந்தார் டூலன். யார் திருடன் பெரியவன் என்று தினமும் சண்டை. அதன்பின் ராஜலக்ஷ்மி எத்தனையோ பேருக்கு ஊட்டிவிட்டாள். சண்டை போட்டுக்கொண்டே சாப்பிட இன்னொருவர் அமையவில்லை.