பச்சைக்கு முன்னால் ஒரு பெயிண்டர்

என் வீட்டுக்காரர் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். கீறல் விழுந்த கதவில் பட்டி வைத்துத் தேய்த்து, பழைய நிறமும் புது நிறமும் சேருமிடம் தெரியாமல் அடித்துத் தருவார். ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுத்தால் கதவின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை மூச்சு விடமாட்டார். விட்டால் கை ஆடுமாம். மூச்சைப் பிடித்து என்ன பயன்? பெயிண்டில் கலக்குவதற்குத் தின்னர் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள், மூக்கைத் தின்றேவிட்டது.

வாசனை தெரியவில்லை என்று ஒத்துக்கொள்ளவே மாட்டார். காப்பியை நீட்டினால், "ஆஹா, என்ன மணம்!" வெறும் வெந்நீரை நீட்டினாலும் அதே ஆஹாதான். போன மாதம் குட்டு உடைந்தது. நான் கடைக்குப் போயிருந்த நேரம் கேஸ் கசிந்து வீடெல்லாம் நாற, பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு ஜம்மென்று டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, மகள் வந்தாள், இரண்டு பேரும் பிழைத்தார்கள். அன்றே என்னிடம் சொல்லிவிட்டாள்: "அப்பாகிட்ட பாப்பாவைத் தனியா விடாதம்மா."

அவர் காதிலும் விழுந்தது. டாக்டரிடம் போனார். பட்டறைப் பக்கம் போகாமலிருந்தால் மூக்கு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். அன்றோடு பட்டறைக்கு லீவு போட்டார்.

மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வந்ததும் மலைக்குக் கிளம்பினோம். மகள் ஓட்டினாள். இவர் முன் சீட்டில் உட்கார்ந்து, முன்னால் போகிற வண்டிகளையெல்லாம் பார்த்து, "அது மறுபடி அடிச்சது, இது கம்பெனி பெயிண்ட்" என்று வழியெல்லாம் ஒரே கமெண்டரி. காது வலித்துவிட்டது எனக்கு.

காட்டுப் பாதையில் ஏறி, மரங்கள் விலகிய ஓரிடத்தில் நின்றோம். எதிரே மொத்த மலையும் பச்சை. நடுவில் ஒரு திட்டு மட்டும் இளந்தளிர்.

"அந்த இடத்துல டச்-அப் பண்ணியிருக்காங்க. கலர் சேரல" என்றார்.

"ஆமா, உங்களைக் கூப்பிடாம வேற ஆளை விட்டுட்டாங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அதற்குள் மேகம் நகர்ந்தது. மலை முழுக்க நிறம் மாறியது. கரும்பச்சை, கிளிப்பச்சை, பெயரே இல்லாத என்னென்னவோ பச்சை. மலைக்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் மலை. கடைசியில் இருப்பது மலையா வானமா என்றே தெரியவில்லை. ஐயோ, உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது எனக்கு. இவ்வளவு பெரிசு இத்தனை நாளும் இங்கேயே நின்றிருக்கிறது, நான் பாட்டுக்கு அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்! மகளும் வாயைப் பிளந்து நின்றாள். அவள் தோளில் தூங்கும் குழந்தையை நாங்கள் மறந்தேபோனோம்.

திரும்பிப் பார்த்தால் இவர் முகம் ரத்தச் சிவப்பு. நெஞ்சு அசையவில்லை. எதிரே நிறத்தைப் பார்த்ததும் மூச்சைப் பிடித்துவிட்டார்!

"அட கடவுளே! இந்த மலையை யாரு உங்களை அடிக்கச் சொன்னா? மூச்சு விடுங்க!" முதுகில் ஒன்று வைத்தேன்.

விட்டார். ஆழமாக இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். இதோ வரப்போகிறது அந்தப் பொய் ஆஹா என்று காத்திருந்தேன்.

"நாறுது" என்றார்.

"எது?"

"பாப்பா... வேலையைக் காட்டிட்டா போலிருக்கே."

மகள் குழந்தையைத் தூக்கிப் பார்த்தாள். ஆமாம். எனக்குக் கண்ணில் பொலபொலவென்று கொட்டிவிட்டது. அவள் குழந்தையை அவர் கையில் கொடுத்து, பையையும் தோளில் மாட்டினாள்.

"அந்தக் கல் பெஞ்சுல வெச்சு நீங்களே மாத்திடுங்கப்பா. நானும் அம்மாவும் வளைவு வரைக்கும் நடந்துட்டு வரோம்."

"தனியாவா?" என்றார் அவர்.

"தனியாத்தான்" என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.