பின்னாலேயே ஓடிய கோடு

திண்டிவனம் அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் ஆங்கிலம் எழுதக் கற்பிக்கிறேன். மாணவர்கள் கணினியில் ஒரு பொது இணையப் பக்கத்தில் எழுத எழுத, என் கணினியில் அதே பக்கத்தைத் திறந்து உடனுக்குடன் திருத்துவேன். என் பெயர் போட்ட சிறு கோடு திரையில் அவர்கள் வரிக்குப் பின்னாலேயே ஓடும்.

அன்று, விழுப்புரத்திலிருந்து வரும் ஸ்டெல்லா தன்னைப் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டும். மாலைக்குள் அனுப்பாவிட்டால் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு அழைப்பு வராது. அவளோ எழுதியதையெல்லாம் அழித்தாள்.

"ஏம்மா அழிக்கிற?"

"உங்க கோடு பின்னாடியே வந்துக்கினு இருக்குது மேடம். கை ஓடமாட்டேங்குது."

பக்கத்து மாணவி சிரித்தாள். "எக்ஸாம் ஹால்ல கூட இப்படித் தலைமேல நிக்கமாட்டாங்க!"

என் கணினியில் பக்கத்தை மூடிவிட்டு வெளியே போனேன். மணியடிக்கும் முன் ஸ்டெல்லாவே கூப்பிட்டாள். பிழைகள் இருந்தன. ஆனால் கழனி மோட்டாரைத் தானே பிரித்துச் சரிசெய்த கதை முழுதாக இருந்தது. சேர்ந்து திருத்தி அனுப்பினோம்.

இப்போதும் ஒரு பிழையையும் விடுவதில்லை. ஆனால் மாணவர்களே கூப்பிடும்வரை பக்கத்தைத் திறப்பதுமில்லை.