கும்மிடிப்பூண்டியில் ஓர் உளவாளி விளையாட்டு

கேம் சென்டர் தொழில் என்பது நிலைகொள்ளாத மனிதர்களை ஒரு நாற்காலியில் உட்கார வைப்பது. அதையே பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நாளில் நமக்கும் உட்காரத் தெரியாமல் போய்விடும். சலூன், பஞ்சர் கடை, ஜெராக்ஸ் கடை என்று யாரையாவது காத்திருக்க வைத்துப் பிழைக்கிற எல்லோருக்கும் நான் சொல்வது புரியும்.

என் கடை சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையில் இருக்கிறது. தம்பி வெளிநாடு போகும்போது விட்டுப்போன கம்ப்யூட்டர்கள்தான் முதலீடு. ஷிப்ட் விட்டு வருகிறவர்கள் படபடவென்று சுடுகிற விளையாட்டுகளைத்தான் கேட்பார்கள். ஒரு மாறுதலுக்காக உளவாளி விளையாட்டு ஒன்றை வாங்கிப் போட்டேன். சதுரங்கம் மாதிரி அது. நம் முறை வரும்போது நம் உளவாளிகளை நகர்த்த வேண்டும், பிறகு எதிராளி தன் ஆட்களை நகர்த்துவான். யாருடைய தலைவன் முதலில் பிடிபடுகிறானோ அவனுக்குத் தோல்வி. அதன் நிறைகுறைகளை நான் எங்கும் படிக்கவில்லை, கடைக்கு வந்தவர்கள் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

தொங்கிப் போச்சா?

முதல் நாள் உட்கார்ந்தவன் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனிப் பையன். எல்லா பட்டனையும் தட்டிப் பார்த்தான். திரையில் கோட் போட்ட உளவாளி ஒரு பாலத்தடியில் நின்றபடியே நின்றான். "இன்னாக்கா, தொங்கிப் போச்சா?" என்று மவுஸை மேஜையில் தட்டினான். கம்ப்யூட்டர் தொங்கவில்லை, உன் முறை, நீ சொன்னால்தான் நகருவான் என்றேன்.

நாற்காலியில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே யோசித்தான். எதிரி எப்போது சுடுவான் என்று கேட்டான். நீ முடித்த பிறகு, என்றேன். எழுந்துவிட்டான். "நான் ஒண்ணும் பண்ணலன்னா அவனும் ஒண்ணும் பண்ண மாட்டான்னா, அப்புறம் இன்னாத்துக்குக்கா சண்டை?"

தொண்ணூறு

அந்த விளையாட்டில் உண்மையாக மாட்டிக்கொண்டவர் டேனியல். வார்ப்பட ஆலை ஒன்றில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஒவ்வொரு உளவாளிக்கும் நாமே பெயர் வைக்கலாம் என்பது இந்த விளையாட்டின் அழகு. டேனியல் தன் லைனில் நிற்கிற ஆட்களின் பெயரையெல்லாம் வைத்தார். ஒருமுறை செத்தவன் செத்தவன்தான், திரும்பி வரமாட்டான் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

எதிரிக் காவலனைக் குறிவைத்தால், அடி விழ எத்தனை வாய்ப்பு என்று பக்கத்தில் ஓர் எண் வரும். நூற்றுக்குத் தொண்ணூறு என்று வந்தது. தவறியது. மறுபடி தொண்ணூறு, மறுபடி தவறியது. காவலன் திரும்பி ஒரே அடி, டேனியலின் பக்கத்து மெஷின்காரர் பெயர் கொண்ட உளவாளி காலி. டேனியல் எழுந்து வாசலுக்கும் கம்ப்யூட்டருக்குமாக நடந்தார். நிஜ ஆளுக்கே போன் போட்டு, நல்லா இருக்கிறாயா என்று விசாரித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "தொண்ணூறுன்னு காட்டிட்டு கைய விரிக்குதுக்கா. எங்க கம்பெனில பர்மனென்ட் பண்றேன்னு சொல்ற மாதிரியே கீது."

சுவரைப் பார்த்து

டேனியல் வேலை செய்கிற ஆலையின் அலுவலகத்தில் ஆள் சேர்ப்பு, சம்பளம் பார்க்கிறவர் வேலாயுதம் சார். வீடு இருக்கிற மணவாள நகர் வரை பைக்கில் போக வேண்டும், லாரிகள் கொஞ்சம் குறையட்டும் என்று என் கடையில் ஒதுங்குவார். ஒருநாள் டேனியலுக்குப் பின்னால் நின்று பார்த்தவர், மறுநாள் எதிரே ஆட உட்கார்ந்துவிட்டார். ஒரே கம்ப்யூட்டரில் இருவர் ஆடலாம். இவர் நகர்த்தும்போது அவர் பார்க்கக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. அதனால் ஒருவர் ஆடும்போது இன்னொருவர் என் மேஜைப் பக்கம் திரும்பி, சுவரில் மாட்டியிருக்கும் பெரியபாளையத்து அம்மன் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கம்பெனியில் பேசாத இரண்டு பேர் இங்கே பேசினார்கள். அது நிறை. ஆனால் டேனியல் நகர்த்துவதற்கு டீ ஆறுகிற நேரம் பிடிக்கும். சார் காலாட்டுவார், ஹெல்மெட் பட்டையைப் போட்டுப் போட்டுக் கழற்றுவார், காலண்டரில் அமாவாசை பௌர்ணமி எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. "ஏம்மா, இந்த கேம்ல எதிரி கூட பரவாயில்ல, சும்மா குந்திகினு இருக்கறதுதான் பேஜாரு."

கரண்ட் போன சாயங்காலம்

நடுவில் நிறுத்திச் சேமிக்க முடியாது, ஒரு கட்டம் முடிந்தால்தான் சேமிக்கும். இது பெரிய குறை. ஒரு மாலை டேனியல் கட்டத்தின் கடைசி வாசலில் நிற்கும்போது கரண்ட் போனது. அதே நேரம் அவர் மனைவி ஸ்டெல்லா, கணவரை வீட்டுக்கு இழுத்துப் போக வந்து நின்றாள். பேக்கிங் கம்பெனியில் நாள் முழுக்க நின்றே செய்கிற வேலை அவளுக்கு. வயிற்றில் ஏழு மாதம். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

நாற்காலியைக் கொடுத்தேன். இந்த மாதத்தோடு வேலையை விடப்போவதாகச் சொன்னாள். பிரசவத்துக்கு விடுப்பு கொடுக்கிற கம்பெனி இல்லை, விட்டால் மறுபடி எடுக்க மாட்டார்கள். ஆனால் இவருக்கு பர்மனென்ட் ஆகிவிடும் என்று வேலாயுதம் சாரே சொல்லியிருக்கிறாராம், அந்த தைரியம்தான். திங்கட்கிழமை ராஜினாமா எழுதிக்கொடுக்கப் போகிறாள். கரண்ட் வந்தது. விளையாட்டு முதலிலிருந்து தொடங்கியது. டேனியல் தலையில் கை வைத்துக்கொண்டார், ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். "இத்தன நேரம் ஆடிட்டு கெளம்புன எடத்துலயே நிக்கறதுக்கு, நான் எங்க கன்வேயராண்டயே நிப்பன்."

போன்

அடுத்த நாள் சாயங்காலம். டேனியல் திரையைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறார். சார் என் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஒரு போன் வந்தது. குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். ஆனால் எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு மேஜை அகலம்தான். "ஆமா சார்... பர்மனென்ட் யாருக்கும் இல்லியா?... அந்த கான்ட்ராக்ட் பேட்ச் மொத்தத்தையும் நிறுத்தறோமா?... சரி சார். விஷயம் வெளிய போவாது சார்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். பின்னால் டேனியல், "உங்க டர்ன் சார்!" என்று உற்சாகமாகக் கூப்பிட்டார். சார் உடனே எழவில்லை. என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நீ ஒண்ணும் கேக்கலல்லம்மா?"

முதல் வெற்றி

அதன்பிறகு எனக்கு எதுவும் ஓடவில்லை. துடைத்த கீபோர்டையே துடைத்தேன். ஸ்டெல்லா நம்பரை எடுத்து, அழுத்தாமல் வைத்தேன். நான் சொல்லி, டேனியல் நேரே ஆபீசில் போய்ச் சத்தம் போட்டால் சாரின் வேலை போகும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை அவள் வேலை போகும். ஞாயிற்றுக்கிழமை டேனியலும் சாரும் ஆட வந்தார்கள். ஸ்டெல்லா நாளைக்கு எழுதிக்கொடுக்கிறாள் என்று டேனியல் சாரிடமே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டம் முடிந்ததும் டேனியலைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, டீயை ஆற்றி ஆற்றித் தண்ணீராக்கிக்கொண்டிருந்தேன்.

வேலாயுதம் சார் தன் தலைவனை எப்போதும் தூதரகத்தின் உள்ளறையில், சுற்றிலும் காவல் போட்டு வைப்பார். டேனியல் அதுவரை ஒரு ஆட்டம் கூட ஜெயித்ததில்லை. அன்று சாரின் தலைவன் ரயில் நிலையத்தில், துணைக்கு ஒருவன் இல்லாமல் நின்றிருந்தான். டேனியலின் ஆள் போய்ப் பிடித்தான். வெற்றி இசை வந்தது. பக்கத்து நாற்காலிக்காரர்கள் கைதட்டினார்கள். டேனியல் மட்டும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு சாரையே பார்த்தார். "நீங்க இப்பிடி ஆடற ஆளு கெடயாது. இன்னா சார் விஷயம்?"

ஒன்றுமில்லை என்று சார் ஹெல்மெட்டை எடுத்தார். வாசல் வரை போனார். பைக் சாவியைத் தேடுவது போல எல்லா பாக்கெட்டையும் தடவினார், சாவி கையிலேயே இருந்தது. பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒன் சம்சாரத்த வேலைய வுட வேணாம்னு சொல்லு."

திரும்பி வந்தவர்

ஸ்டெல்லா எழுதிக்கொடுக்கவில்லை. பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறவரை கன்வேயர் முன்னால் நின்றாள். மாதக் கடைசியில் டேனியலின் பேட்ச் மொத்தத்தையும் நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் கேட் வாசலில் திகைத்து நின்றபோது, டேனியல் ஏற்கெனவே அலைந்து எல்லை தாண்டி தடா பக்கம் ஓர் ஆலையில் பேசி வைத்திருந்தார். லைனில் தெரிந்த இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார்.

சார் மட்டும் வந்து கம்ப்யூட்டரோடு ஆடுவார். கம்ப்யூட்டர் எதிராளி இந்த விளையாட்டின் இன்னொரு குறை, ஒரே வழியில்தான் வருவான், இரண்டாம் நாளே சலித்துவிடும். சார் பாதியில் எழுந்துவிடுவார். டேனியல் வந்தாரா என்று என்னைக் கேட்க மாட்டார், வாசலைப் பார்ப்பார், அவ்வளவுதான். குழந்தை பிறந்து சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்து மூன்று பேருமாக வந்தார்கள். சார் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். "அன்னிக்கே வாயத் தொறந்து சொல்லியிருக்கணும்ப்பா, முடியல," என்றார். டேனியல் குழந்தையை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "அது கெடக்கட்டும், குந்துங்க சார். ஆனா இன்னொரு வாட்டி வுட்டுக்குடுத்து ஜெயிக்க வெச்சீங்க, நான் வேற கடைக்குப் போயிடுவன்."

தொழில் செய்கிறவர்கள் யாராவது இந்த விளையாட்டு நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்டால், ஒரு கம்ப்யூட்டரை சாயங்காலம் முழுக்க அடைத்துக்கொள்ளும், தயவுசெய்து வாங்கிப் போடாதீர்கள், வாங்கிப் போட்டுவிட்டால் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.